விமானி பயிற்சி: திருவனந்தபுரமா, சேலமா, ஃபுர்சத்கஞ்சா, அமெரிக்காவா?

கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் என் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கடந்த மே மாதம் நான்கு கட்டண விவரத் தாள்கள் கிடந்தன. இயற்பியல், வேதியியல், கணிதம், கணினி அறிவியல் படித்துப் பிளஸ் டூ தேறியிருக்கும் அவள் மகன், தான் விமானி ஆக வேண்டும் என்பதைப் பத்தாம் வகுப்பிலிருந்தே சொல்லிவருகிறான். கத்தாரில் வேலை பார்க்கும் அவன் தகப்பனாரோ, குலசேகரம் பக்கத்தில் உள்ள ரப்பர்த் தோட்டத்தை வங்கியில் ஈடு வைத்துக்கூடப் படிக்க வைக்கத் தயார், ஆனால் எந்தப் பள்ளி என்பதை மாமா விசாரித்துச் சொல்லட்டும் என்று பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டார். நான் தக்கலைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிப்பவன். விமானத்தைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் பயணச்சீட்டின் விலை மட்டும்தான்.

நான்கு தாள்களிலும் கட்டணம் பெரிய எழுத்தில் இருந்தது. விடுதி, சீருடை, ஹெட்செட், ஐபேட் என்று சின்னச் சின்னச் செலவுகள்கூட வரிசையாகக் குறிக்கப்பட்டிருந்தன. ஆனால் 200 மணி நேரப் பறத்தலை எத்தனை மாதத்தில் முடித்துத் தருவார்கள் என்பதற்கு, சென்ற ஆண்டு எத்தனை மாணவர் எத்தனை மாதத்தில் முடித்தார்கள் என்ற ஆதாரத்தோடு ஒரு தாளிலும் பதில் இல்லை. மூன்று மாதம் விசாரித்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவது, பள்ளிகளை ஒப்பிட வேண்டிய அளவுகோல் அந்த விடுபட்ட எண்தான் என்பது. கட்டணம் அதற்குப் பிறகு வர வேண்டிய கேள்வி. ஏன் அப்படி என்பது விளங்க, உரிம விதிகள் என்ன கேட்கின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

விதி கேட்பது

இந்தியாவில் விமானி உரிமம் வழங்கும் அதிகாரம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு, அதாவது டி.ஜி.சி.ஏ.வுக்கு மட்டுமே உரியது. 1934ஆம் ஆண்டின் விமானச் சட்டத்துக்கு மாற்றாகக் கொண்டுவரப்பட்ட பாரதிய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. எந்தப் பள்ளியும் உரிமம் தருவதில்லை. உரிமத்துக்கு வேண்டிய மணி நேரத்தைப் பறக்க வைத்து, சோதனைக்கு அனுப்புவதோடு அதன் வேலை முடிகிறது. நாகர்கோவில் வடசேரியிலிருந்து களியக்காவிளை வரை சாலையோரத்தில் நிற்கும் விளம்பரப் பலகைகளில் ‘ஏவியேஷன்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, அங்கே மூன்றாண்டுப் பட்டம் முடித்தால் விமானத்தை ஓட்டலாம் என்று நம்பிய பெற்றோரை நான் சந்தித்திருக்கிறேன். விமான நிலைய மேலாண்மையும் பயணிகள் சேவையும் கற்றுத்தரும் அந்தப் பட்டங்களுக்கு அவற்றுக்கான வேலை வாய்ப்பு இருக்கலாம். ஆனால் வணிக விமானி உரிமத்துக்கு அவை தேவையும் இல்லை, போதுமானவையும் இல்லை.

உரிமத்துக்குத் தேவையான படிப்பு, இயற்பியலும் கணிதமும் கொண்ட பிளஸ் டூ தேர்ச்சி. வணிகவியல் பிரிவில் படித்தவர்கள் அந்த இரு பாடங்களையும் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதித் தேறிவிட்டு வருவது பல ஆண்டு வழக்கம். இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டும் என்ற பேச்சு அண்மையில் எழுந்திருப்பதால், சேரும் நாளில் நடப்பில் உள்ள விதி எது என்பதை இயக்குநரகத்தின் தளத்திலேயே பார்த்துக்கொள்வது நல்லது. பயிற்சி மாணவர் உரிமத்தை 16 வயதில் பெறலாம். வணிக விமானி உரிமத்துக்கு, அதாவது சி.பி.எல்.லுக்கு, 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.

பறத்தல் கணக்குதான் நுட்பமான பகுதி. மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தலைமை விமானியாக, பறந்த நேரத்தைப் பதிந்துவைக்கும் லாக்புக்கில் பி.ஐ.சி. என்று எழுதப்படும் நேரமாக இருக்க வேண்டும். அந்த நூற்றில் குறைந்தது 15 மணி நேரம், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 6 மாதத்துக்குள் பறந்ததாக இருக்க வேண்டும். ஊர்விட்டு ஊர் செல்லும் பறத்தல் 20 மணி நேரம் வேண்டும்; அதில் ஒன்று 300 கடல் மைலுக்குக் குறையாமலும், வழியில் இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் முழுமையாகத் தரையிறங்கியும் முடிந்திருக்க வேண்டும். கருவிகளை மட்டுமே பார்த்து ஓட்டும் பயிற்சி 10 மணி நேரம். அதில் 5 மணி நேரத்துக்கு மேல் சிமுலேட்டரில் கழிக்க முடியாது. இரவுப் பறத்தல் 5 மணி நேரம். அதற்குள் 10 முறை ஏறி 10 முறை இறங்கியிருக்க வேண்டும், அவையும் கடைசி 6 மாதத்துக்குள் நடந்தவையாக இருக்க வேண்டும்.

இந்த ‘6 மாதம்’ என்ற சொல்லை ஒருமுறைக்கு இருமுறை படிக்கச் சொல்கிறேன். என்னிடம் படித்த மாணவர் ஒருவர், பெயர் சொல்ல வேண்டாத ஒரு பள்ளியில் 14 மாதத்தில் முடியும் என்ற பேச்சை நம்பிச் சேர்ந்தார். அங்கே இருந்த ஒன்பது விமானங்களில் நான்கு உதிரிபாகம் வராமல் கொட்டகையில் நின்றன. முதலில் முடித்துவைத்த இரவுப் பறத்தல், மீதி மணி நேரம் முடிவதற்குள் 6 மாத வரம்பைத் தாண்டிவிட்டது. இரவுப் பறத்தலை மறுபடியும் செய்தார், அதற்குத் தனியாகப் பணம் கட்டினார். அதற்குள் 12 மாதம் மட்டுமே செல்லுபடியாகும் மருத்துவச் சான்றும் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. மொத்தத்தில் மூன்று ஆண்டுக்குச் சில வாரங்களே குறைவு. தாமதம் என்பது காலத்தை மட்டும் தின்பதில்லை, ஏற்கெனவே செலவழித்த பணத்தையும் திரும்பச் செலவழிக்க வைக்கிறது என்பதை அவர் லாக்புக்கைப் புரட்டித்தான் நான் கற்றுக்கொண்டேன்.

எழுத்துத் தேர்வுகள், விமான வழிநடத்தல், வானிலையியல், விமான விதிகள், பொதுத் தொழில்நுட்பம், குறிப்பிட்ட விமானத்துக்கான தொழில்நுட்பம் என ஐந்து. ஒவ்வொன்றிலும் 70 விழுக்காடு வேண்டும். இவை தவிர வானொலித் தொடர்புக்கான ஆர்.டி.ஆர். தேர்வு இருக்கிறது, இது தொலைத்தொடர்புத் துறையின் கையில் இருந்ததைப் புதிய சட்டம் இயக்குநரகத்துக்கே மாற்றிவிட்டது. இத்தேர்வுகளில் பெரும்பாலானவற்றுக்கு எந்தப் பள்ளியிலும் சேராமல் வீட்டிலிருந்தே தயாராகலாம் என்பது பலருக்குத் தெரியாத, ஆனால் இலட்சக் கணக்கில் மிச்சம் பிடிக்கக்கூடிய செய்தி. பள்ளியில் சேர்ந்து, விடுதிக் கட்டணமும் கட்டிக்கொண்டு, எட்டு மாதம் தரையில் அமர்ந்து வானிலைப் பாடம் படிப்பதற்கும், அதையே மார்த்தாண்டத்தில் மாடி அறையில் இருந்து இணைய வகுப்பின் துணையோடு படித்து முடித்துவிட்டு, சேர்ந்த வாரத்திலிருந்தே பறக்கத் தொடங்குவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

மருத்துவச் சான்று எல்லாவற்றுக்கும் முந்தையது. முதலில் இயக்குநரகம் ஏற்றுக்கொண்ட மருத்துவரிடம் பயிற்சி மாணவருக்கான கிளாஸ் 2 சான்று, பின்னர் வணிக விமானிக்கான கிளாஸ் 1. கிளாஸ் 1 முதன்முறைப் பரிசோதனைக்கு முன்பெல்லாம் பெங்களூருவில் உள்ள விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனம் போன்ற சில இடங்களே இருந்தன. இப்போது ஏற்பு பெற்ற தனியார் மையங்களும் சேர்ந்திருப்பதால் காத்திருப்பு முன்போல் இல்லை. கண்ணாடி போட்டால் சரியாகும் பார்வைக் குறை பெரும்பாலும் தடையாவதில்லை. ஆனால் நிறக்குருடு தடைதான், அது இருப்பதே பலருக்குப் பரிசோதனை நாளன்றுதான் தெரியவருகிறது. ஈடு வைத்த தோட்டத்தின் பணத்தில் முதல் தவணை கட்டிய பிறகு இந்தச் செய்தி வந்தால் அந்த வீட்டின் நிலை என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தால், கிளாஸ் 1 சான்று கையில் வரும்வரை எந்தப் பள்ளிக்கும் முன்பணம் அனுப்பக் கூடாது என்ற விதியை ஒவ்வொரு வீடும் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும்.

ஒரு வகுத்தல் கணக்கு

இனி நான் சொன்ன அந்த விடுபட்ட எண். ஒரு பள்ளியில் 8 விமானங்களும் 80 மாணவர்களும் இருப்பதாகக் கொள்வோம். ஒரு விமானம் மாதத்துக்கு 60 மணி நேரம் பறக்கும் என்றால், எட்டும் சேர்ந்து 480 மணி நேரம். ஒரு மாணவருக்கு 6 மணி நேரம். 200 மணி நேரத்துக்கு 33 மாதம். ஆனால் எட்டும் ஒரே நாளில் பறக்கும் நிலையில் இருப்பது அரிது. செஸ்னா 172 போன்ற பயிற்சி விமானங்கள் 50 மணி நேரத்துக்கு ஒருமுறையும் 100 மணி நேரத்துக்கு ஒருமுறையும் பராமரிப்புச் சோதனைக்குப் போக வேண்டும். எட்டில் ஐந்துதான் ஓடுகின்றன என்றால் ஒரு மாணவருக்கு மாதம் 3 மணி 45 நிமிடம், மொத்தம் 53 மாதம். இன்னொரு பள்ளியில் 6 விமானமும் 30 மாணவரும் இருந்து, நான்கே விமானம் ஓடினாலும், மாதம் 8 மணி நேரம், 25 மாதம். விமான எண்ணிக்கையை விளம்பரத்தில் அச்சிடும் பள்ளிகள் மாணவர் எண்ணிக்கையை அச்சிடுவதில்லை. கீழெண் இல்லாத பின்னத்துக்கு மதிப்பில்லை என்று ஆறாம் வகுப்பிலேயே நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம்.

விமானம் இருந்தும் பயிற்றுநர் இல்லாவிட்டால் இதே கதைதான். நல்ல பயிற்றுநர்களை விமான நிறுவனங்கள் கூடுதல் சம்பளத்துக்கு அழைத்துக்கொள்வதால், தலைமைப் பயிற்றுநர் எத்தனை ஆண்டாக அங்கே இருக்கிறார் என்ற ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதில், பள்ளியின் நிலைமையைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். இத்தகைய தகவல்களை மாணவர்கள் முன்பு வாய்மொழியாகத்தான் திரட்ட வேண்டியிருந்தது. 2025ஆம் ஆண்டு முதல் இயக்குநரகமே பறத்தல் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தி, ஏப்ரல் 1, அக்டோபர் 1 என ஆண்டுக்கு இருமுறை வெளியிடும் முறையைக் கொண்டுவந்திருக்கிறது. பாதுகாப்பு, விதிகளுக்குக் கட்டுப்படுதல், மாணவருக்கு இத்தனை விமானம், இத்தனை பயிற்றுநர் என்ற விகிதம் ஆகியவற்றையெல்லாம் கணக்கில் எடுப்பதால், தரகர் காட்டும் படங்களைவிட இதைப் பார்ப்பது மேல். ஆனாலும் அதை ஒரு வடிகட்டியாக மட்டும் கொள்ள வேண்டும். பட்டியலில் மேலே இருக்கும் பள்ளி, இந்த ஆண்டு திடீரென்று இரட்டிப்பு மாணவரைச் சேர்த்துக்கொண்டால் என் வகுத்தல் கணக்கு அடுத்த பட்டியல் வருவதற்கு முன்பே மாறிவிடும்.

அருகில் இருப்பது

முதல் தாள் திருவனந்தபுரத்தில் கேரள அரசின் ராஜீவ் காந்தி விமானத் தொழில்நுட்ப அகாதெமியைப் பற்றியது. நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர், மார்த்தாண்டத்திலிருந்து இன்னும் பக்கம். நம் மாவட்டத்துப் பெற்றோர் முதலில் அதைத்தான் நினைப்பார்கள். என் தங்கைக்கும் அதுதான் ஆசை, வாரம் ஒருமுறை மீன் குழம்பு கொடுத்தனுப்பலாம் என்றாள். அரசு நிறுவனம் என்பது ஒரு நிம்மதி. பணத்தோடு இரவோடு இரவாக மூடிவிட்டுப் போகாது. எதிர்ப்பக்கத்தில் இரண்டைச் சொல்ல வேண்டும். பயிற்சி நடக்கும் திருவனந்தபுரம் விமான நிலையம் வளைகுடா நாடுகளுக்கும் உள்நாட்டு நகரங்களுக்கும் பெரிய விமானங்கள் ஓயாமல் ஏறி இறங்கும் ஒரே ஓடுபாதையைக் கொண்டது. அங்கே பயிற்சி விமானம் தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். பெரிய ஜெட் கிளப்பிவிட்டுப் போகும் காற்றுச் சுழல் அடங்கவும் காத்திருக்க வேண்டும். சிறுவயதிலேயே நெருக்கடியான வான்வெளியில் வானொலி பேசிப் பழகுவது பின்னாளில் உதவும் என்பதையும் மறுக்க முடியாது.

இரண்டாவது, மழை. தொடக்கநிலை மாணவர் கண்ணால் பார்த்து ஓட்டும் விதிகளின்படியே பறக்க வேண்டும். அதற்குப் பொதுவாக 5 கிலோமீட்டர் பார்வைத் தெளிவு வேண்டும். நம் மாவட்டத்தைப் போலவே திருவனந்தபுரமும் தென்மேற்குப் பருவமழையையும் வடகிழக்குப் பருவமழையையும் ஏற்கும் கரை. ஜூனில் தொடங்கும் மழை டிசம்பர் தொடக்கம்வரை விட்டுவிட்டுத் தொடர்கிறது. காற்றும் அப்படித்தான். ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் இருசக்கர வண்டி ஓட்டியவர்களுக்குக் குறுக்குக் காற்று என்ன செய்யும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. செஸ்னா 172 தரையிறங்கிக் காட்டிய குறுக்குக் காற்றின் உச்சம் 15 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர். தனியாகப் பறக்கும் மாணவருக்குப் பள்ளிகள் விதிக்கும் வரம்பு அதைவிடக் குறைவு. ஆகவே அங்கே சேருவதாக இருந்தால், கடந்த ஆண்டு ஜூன் முதல் நவம்பர்வரை ஒரு மாணவர் சராசரியாக மாதம் எத்தனை மணி நேரம் பறந்தார் என்று கேட்டுவிட்டுச் சேர வேண்டும்.

தென்பகுதியில் இன்னொரு பெயரும் அடிபடுகிறது. கோவில்பட்டி அருகே நாலாட்டின்புதூரில் உள்ள பழைய ஓடுபாதையைப் பறத்தல் பள்ளியாக்கத் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ முயன்றுவருகிறது. வந்தால் நமக்கு நல்லது. ஆனால் திட்டத்தில் இருக்கும் பள்ளியில் இந்த ஆண்டு யாரும் சேர முடியாது.

சேலமும் உள்நாட்டுத் தனியார் பள்ளிகளும்

2020இல் பறத்தல் பள்ளிகளுக்கான கொள்கை தளர்த்தப்பட்டு, விமான நிலையங்களுக்குப் பள்ளிகள் தர வேண்டியிருந்த வருவாய்ப் பங்கு நீக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து இந்திய விமான நிலைய ஆணையம் முதலில் பெலகாவி, ஜல்காவ், கலபுரகி, கஜுராஹோ, லீலாபாரி ஆகிய இடங்களிலும், பின்னர் பாவ்நகர், ஹூப்ளி, கடப்பா, கிஷன்கட், சேலம் ஆகிய இடங்களிலும் பள்ளிகளுக்கு இடம் ஒதுக்கியது. ஓமலூர் அருகே காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இதனால்தான் ஒரு வாய்ப்பாக வந்தது. பயணிகள் விமானம் நாளுக்குச் சிலவே வருவதால் ஓடுபாதை பெரும்பாலும் பயிற்சிக்கே கிடைக்கிறது. தென்மேற்குப் பருவமழை அங்கே நம் கரையில் கொட்டுவதைப் போல் கொட்டுவதில்லை. மகாராஷ்டிரத்தில் பாராமதி, கோண்டியா போன்ற இடங்கள் பயிற்சிக்குப் பெயர் பெற்றதற்கும் நெருக்கடியற்ற ஓடுபாதை ஒரு காரணம்.

தனியார் பள்ளிகளுக்குள் ஏற்றத்தாழ்வு மிகுதி. 2023 அக்டோபரில், ஆறு மாத இடைவெளிக்குள் ஐந்து விபத்துச் சம்பவங்களைச் சந்தித்த ஒரு பெரிய நிறுவனத்தின் எல்லாத் தளங்களிலும் பயிற்சிப் பறத்தலை இயக்குநரகம் நிறுத்திவைத்தது. அப்போது அங்கே பாதி மணி நேரம் முடித்திருந்த மாணவர்கள் பறக்க முடியாமல் காத்துக் கிடந்தார்கள். ஆகவே பள்ளிக்கு ஏற்பு இருக்கிறதா என்பதோடு, அந்த ஏற்பு எந்த நாள்வரை, எந்தத் தளத்துக்கு, எந்த விமானங்களுக்கு என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு தளத்துக்கு வாங்கிய ஏற்பைக் காட்டி, இன்னொரு தளத்துக்கு மாணவர் சேர்க்கும் பேச்சு என் காதுக்கே வந்தது. பலபொறி விமானம், அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட எஞ்சின் கொண்டது, பள்ளியிடமே சொந்தமாக இருக்கிறதா என்பதும் முக்கியம், சி.பி.எல்.லுக்கு ஒற்றைப் பொறி போதும் என்றாலும், விமான நிறுவனங்கள் பலபொறித் தகுதியையும் கருவிவழிப் பறத்தல் தகுதியையும் சேர்த்தே கேட்கின்றன. அதற்காக இன்னொரு ஊருக்கு அனுப்பினால் அங்கே ஒரு வரிசையில் மறுபடியும் நிற்க வேண்டும்.

ஃபுர்சத்கஞ்ச்

உத்தரப் பிரதேசத்தில் அமேதி மாவட்டத்தின் ஃபுர்சத்கஞ்சில் இருக்கும் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாதெமி, மத்திய அரசின் நிறுவனம். நுழைவுத் தேர்வு, பின்னர் நேர்காணல் என்ற வடிகட்டல் இருப்பதால், பணம் இருக்கிறது என்பதற்காக மட்டும் அங்கே சேர முடியாது. தேர்வு பிளஸ் டூ நிலையில் ஆங்கிலம், கணிதம், இயற்பியல், பகுத்தறிவு, பொது அறிவு ஆகியவற்றிலிருந்து நடக்கிறது. ஜே.இ.இ.க்குத் தயாராகும் ஒரு மாணவருக்கு இது புதிய மலை அல்ல. 158 சென்டிமீட்டர் உயரம் கேட்கிறார்கள். பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற பிற்படுத்தப்பட்டோருக்கு இடஒதுக்கீடு உண்டு; தனியார் பள்ளிகளில் இல்லாத இந்த ஒன்றை நம் மாவட்டத்துக் கடற்கரைக் கிராமங்களிலும் மலையோரக் கிராமங்களிலும் உள்ள ஆசிரியர்கள் மாணவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். கட்டணம் 45 லட்சம் ரூபாயை ஒட்டி இருந்துவந்தது. மலிவு என்று சொல்ல முடியாது. டிசம்பர், ஜனவரியில் வட இந்தியச் சமவெளியை மூடும் பனிமூட்டம் பறத்தலைத் தடுக்கிறது என்பது அங்குள்ள குறை. அதையும் கணக்கில் எடுத்த பிறகும், இந்தியாவுக்குள் முதலில் முயன்று பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து. தேர்வெழுதுவதற்கு ஆகும் செலவு, தோற்றால் இழக்கும் தொகை, மிகச் சிறியது.

அமெரிக்கா

நான்காவது தாள் தரகர் ஒருவர் கொடுத்தது. அரிசோனாவில் ஆண்டு முழுவதும் வெயில், விமானம் நிறைய, பத்து மாதத்தில் வீடு திரும்பலாம். வேகம் பற்றிய அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது. மறைந்திருப்பது அதற்குப் பின்னால். அமெரிக்க விதிகளில் பகுதி 61, பகுதி 141 என்று இரண்டு வழிகள் உண்டு. பகுதி 61இல் வணிக உரிமத்துக்கு 250 மணி நேரம் வேண்டும். கட்டுப்பாடான பாடத்திட்டம் உள்ள பகுதி 141 பள்ளியில் 190 மணி நேரத்திலேயே கிடைத்துவிடும். அந்த 190ஐ எடுத்துக்கொண்டு இந்தியாவுக்கு வந்தால் நம் 200க்கு 10 குறையும். அதைவிடப் பெரிய சிக்கல் பி.ஐ.சி. நேரத்தில் இருக்கிறது. வணிக உரிமத்துக்கு முந்தைய படியான தனிநபர் விமானி உரிமம் பெற்ற பிறகு, பயிற்றுநர் பக்கத்தில் அமர்ந்திருக்கும் போதும் அந்த நேரத்தைத் தலைமை விமானி நேரமாக எழுதிக்கொள்ள அமெரிக்க முறை இடம் கொடுக்கிறது. இங்கே அந்தக் கணக்கு எடுபடாது. இரவில் 10 ஏற்றமும் 10 இறக்கமும் தலைமை விமானியாகச் செய்தது என்று லாக்புக்கில் தெளிவாக இல்லாவிட்டால் அதுவும் ஏற்கப்படாது.

திரும்பிய பிறகு உரிம மாற்றம் என்ற தனிப் படலம் தொடங்குகிறது. விமான விதிகள் ஒரு தாள், வழிநடத்தலும் வானிலையியலும் சேர்ந்த கூட்டுத் தாள் ஒன்று, ஆர்.டி.ஆர்., கிளாஸ் 1, அமெரிக்க உரிமம் உண்மையானதுதான் என்று அங்கிருந்து வர வேண்டிய உறுதிப்பாடு, பிறகு இங்குள்ள ஒரு பள்ளியில் பணம் கட்டிச் செய்ய வேண்டிய சோதனைப் பறத்தல்கள். இந்தியப் பள்ளிகளின் வரிசையில் நிற்காமல் தப்புவதற்காக அமெரிக்கா போனவர், கடைசியில் அதே வரிசையின் வாலில் வந்து நிற்பதும் உண்டு. பயணத்துக்கு முன்பே இயக்குநரகத்தின் தாள்களை எழுதி முடித்துவிட்டு, நம் விதிகளின் மணிக்கணக்கை அச்சிட்டு அங்குள்ள பயிற்றுநரின் கையில் முதல் நாளே கொடுத்துவிட்டவர்களுக்கு இந்தப் படலம் சுருக்கமாக முடிகிறது.

இவற்றுக்கு அப்பால், விமான நிறுவனங்களே நடத்தும் கேடட் திட்டங்கள் இருக்கின்றன. தேர்வில் வென்றால் பயிற்சி, ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான தகுதியான டைப் ரேட்டிங், நிபந்தனையோடு கூடிய வேலை உறுதி என எல்லாம் ஒரே கட்டில் கிடைக்கும். செலவு ஒரு கோடியைத் தாண்டுவதால், ரப்பர்த் தோட்டத்தோடு வீட்டையும் சேர்த்து ஈடு வைக்க வேண்டியிருக்கும். நாங்கள் அதை மேற்கொண்டு பார்க்கவில்லை.

பணம்

உள்நாட்டுத் தனியார் பள்ளிகளில் 50 முதல் 70 லட்சம்வரை கேட்கப்படுகிறது. அமெரிக்கத் தாளில் இருந்த தொகையும் அதே அளவுதான். ஆனால் அது டாலரில் கட்ட வேண்டியது. பத்து ஆண்டுக்கு முன் 65 ரூபாய்க்கு அருகில் இருந்த டாலர் இப்போது 85ஐத் தாண்டிவிட்டது; பயிற்சி இழுத்துக்கொண்டு போகும் ஒவ்வொரு மாதமும் அந்தத் தாளின் எண் தானாகவே கூடும். விசாச் செலவும், வாழ்க்கைச் செலவும், திரும்பிய பின் உரிம மாற்றச் செலவும் தனி. இரண்டு வழியிலும் இறுதியில், ஏர்பஸ் 320 போன்ற ஒரு விமானத்துக்கான டைப் ரேட்டிங்குக்கு மேலும் 15 லட்சம் அல்லது அதற்கு மேல் எடுத்துவைக்க வேண்டியிருக்கலாம் என்பதைத் தாள்கள் சொல்வதில்லை. 2023இல் இயக்குநரகம் 1,622 வணிக விமானி உரிமங்களை வழங்கியது. உரிமம் வாங்கிய நாளிலேயே வேலை காத்திருக்கும் என்று கணக்குப் போட்டுக் கடன் வாங்குவது தவறு. வட்டி மட்டும் கட்டிக்கொண்டு ஓராண்டு காத்திருக்க முடியுமா என்பதையும் வீட்டில் பேசிவிட வேண்டும். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் சொத்து ஈடு கேட்கும் என்பதால், பட்டாவும் வில்லங்கச் சான்றும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வதும் இதில் அடங்கும்.

கட்டண ரசீதில் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்திருந்தால் கேள்வி கேளுங்கள். இயக்குநரகத்தின் ஏற்பு பெற்ற பள்ளி நடத்தும், முடித்ததற்கான சான்றிதழை இயக்குநரகம் கட்டாயமாகக் கேட்கும் பயிற்சிக்கு வரிவிலக்கு உண்டு என்று 2024இல் ஜி.எஸ்.டி. மன்றத்தின் பரிந்துரைப்படி தெளிவுபடுத்தப்பட்டிருக்கிறது. 50 லட்சத்தில் 18 விழுக்காடு என்பது 9 லட்சம். அடுத்தது தவணை. முழுப் பணத்தையும் முன்னதாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள், மறுத்துவிட வேண்டும். பறந்த மணி நேரத்துக்கு ஏற்பப் பணம் என்ற முறைக்கு ஒப்பும் பள்ளி, தன் விமானங்கள் பறக்கும் என்று நம்புகிறது. விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், தாமதம் பள்ளியின் பக்கம் என்றால் இரவுப் பறத்தலை மறுபடி செய்யும் செலவு யாருடையது என்ற இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும்.

எங்கள் வீட்டில் எடுத்த முடிவைச் சொல்லிவிடுகிறேன். தரகரின் தாளைத் திருப்பிக் கொடுத்தோம். கிளாஸ் 2 நாகர்கோவிலிலிருந்து ஒரு நாள் பயணத்திலேயே முடிந்தது; கிளாஸ் 1க்காகப் பையன் இரவு ரயிலில் பெங்களூரு போய்வந்தான், தகுதி பெற்றுவிட்டான். ஃபுர்சத்கஞ்ச் நுழைவுத் தேர்வை எழுதுவான். இடையில் விமான விதிகளையும் வானிலையியலையும் மாடி அறையிலேயே படித்துக்கொண்டிருக்கிறான்; ஐ.டி.சி.இஸட்., அதாவது நிலநடுக்கோட்டை ஒட்டி இருபுறக் காற்றும் கூடும் மழைப் பட்டை, என்ற பகுதி வரும்போது மட்டும், நம் கன்னியாகுமரிக்கு மேலே மழை ஏன் இருமுறை வருகிறது என்பதை எனக்கு விளக்கிக்காட்டுகிறான். நுழைவுத் தேர்வில் இடம் கிடைக்காவிட்டால் அடுத்தது உள்நாட்டில் மழை குறைந்த ஒரு பள்ளி. அதற்காகச் சேலத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் முன்னறிவிப்பில்லாமல் நேரில் போய், அலுவலகத்துக்குள் நுழையும் முன் தேநீர்க் கடையில் மாணவர்களிடம் பேசுவதாகத் திட்டம். கேட்கப்போகும் முதல் கேள்வியைப் பையனே எழுதிவைத்திருக்கிறான்: “அண்ணா, போன மாசம் நீங்க எத்தனை மணி நேரம் பறந்தீங்க?”